அயல்நாட்டு ரயிலும் நம் டிக்கெட்டும்

ஐரோலித் தமிழர்களுக்கு ரயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2004-இல் தாணே – வாஷித் தடத்தில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியதிலிருந்து லோக்கல் நம் வாசலுக்கே வந்துவிட்டது. கோடை விடுமுறை வந்தால் நாகர்கோவில் வண்டியிலோ திருநெல்வேலி வண்டியிலோ இடம் பிடிக்கும் கலையும் நமக்குத் தெரியும். ஆனால் சமீப வருஷங்களில் நம் குடும்பங்களில் வேறொரு பயணமும் சேர்ந்துகொண்டது. மகனோ மகளோ ஜெர்மனியிலோ ஸ்விட்சர்லாந்திலோ வேலையில் இருக்கிறார்கள். "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று அழைக்கிறார்கள். விசாவுக்கு அலைகிறோம், விமான டிக்கெட்டை நாலு இடத்தில் விலை விசாரித்து வாங்குகிறோம். ரயிலை மட்டும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். பணமும் நிம்மதியும் போகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

கடல் கடந்து போக ரயில் டிக்கெட் வாங்குவது தமிழனுக்குப் புதுசு என்று நினைத்துவிட வேண்டாம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலுக்கு மாறுவார். தலைமன்னாரில் இலங்கை வண்டி ஏறி கொழும்பு கோட்டையில் போய் இறங்குவார். வண்டி, கப்பல், மறுபடி வண்டி, மூன்றுக்கும் எழும்பூரிலேயே ஒரே சீட்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் அந்த ரயில் பாதையும் அழிந்தன. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 1980-கள் வரை கப்பல் ஓடியது. இன்று சென்னை – ராமேஸ்வரம் வண்டிக்கு 'போட் மெயில்' என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தப் பழங்கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் அந்த ஒரே சீட்டுதான். ஒரே சீட்டாக விற்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் விற்றவர் தலையில் விழும். தனித்தனிச் சீட்டாக வாங்கினால் அந்தப் பொறுப்பு நம் தலையில். இன்றைய ஐரோப்பிய ரயிலைப் புரிந்துகொள்ளவும் இதுவே முதல் சாவி.

இரண்டாவது சாவி நம் பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஐரோலி ஸ்டேஷனில் எடுக்கும் லோக்கல் டிக்கெட்டைப் பாருங்கள். அதில் வண்டி எண் கிடையாது, இருக்கை கிடையாது. இங்கிருந்து அங்கு போகலாம் என்ற உரிமை மட்டும்தான். நிற்பதும் உட்கார்வதும் அவரவர் சாமர்த்தியம். ஊருக்குப் போக எடுக்கும் டிக்கெட் நேர் எதிர். பெயர், தேதி, வண்டி, பெட்டி, பெர்த் எல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே தாளில் வருகிறது. வெளியூர் டிக்கெட் என்றாலே நம் மனதில் நிற்பது இந்த இரண்டாவதுதான். ஐரோப்பாவில் பல நாடுகள் இந்தக் கட்டைப் பிரித்துப் போட்டிருக்கின்றன. பயண உரிமைக்கு ஒரு விலை, இருக்கைக்கு ஒரு விலை, விருப்பப்பட்ட வண்டியில் ஏறும் சுதந்திரத்துக்கு இன்னொரு விலை.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் அதிகம் போகிற நாடு. அங்கே வேக வண்டிகளுக்கு மூன்று தரத்தில் டிக்கெட் விற்கிறார்கள். 'ஃப்ளெக்ஸ்பிரைஸ்' எடுத்தால் அந்த நாளில் அந்தத் தடத்தில் எந்த வண்டியிலும் ஏறலாம், விலை அதிகம். 'ஷ்பார்பிரைஸ்' எடுத்தால் விலை குறைவு, ஆனால் குறித்த வண்டியில்தான் போக வேண்டும். 'சூப்பர் ஷ்பார்பிரைஸ்' இன்னும் மலிவு, ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பாது. இந்த மூன்றிலும் இரண்டாம் வகுப்பில் இருக்கை தானாகச் சேராது. சில யூரோ தனியாகக் கட்டி ரிசர்வ் செய்ய வேண்டும். கட்டாவிட்டாலும் ஏறலாம். இருக்கைக்கு அருகில் உள்ள சிறு பலகையில் எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை ரிசர்வ் ஆகியிருக்கிறது என்று காட்டும். காலியாக இருப்பதில் உட்காரலாம். நம்மூர் வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. தலைவலி இங்கே இல்லை. அதற்குப் பதில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி நேரம் நின்றுகொண்டே போக நேரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தச் சில யூரோவில் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

விலையும் ஏறி இறங்கும். நமக்கு ரயில் கட்டணம் என்றால் தூரத்தைப் பொறுத்தது. ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 செப்டம்பரில் வந்த ஃப்ளெக்ஸி கட்டணம்தான் கொஞ்சம் அந்தப் பழக்கத்தை மாற்றியது. அங்கே விமானம் மாதிரி, முதலில் வாங்குபவருக்கு மலிவு, கடைசி நாளில் வாங்குபவருக்குச் சூடு. நம் ரயில்வேயில் 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. அங்கே அதைவிடப் பல மாதம் முன்பே டிக்கெட் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும் கவனம். ஐரோப்பாவில் வருஷா வருஷம் டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் போகிறவர்கள் அந்த ஞாயிறைத் தாண்டிய பயணங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இனி மெயின் விஷயத்துக்கு வருகிறேன். மும்பையிலிருந்து விமானம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது. மகன் இருப்பது ஸ்டுட்கார்ட்டில். விமான நிலையத்தை ஒட்டியே தொலைதூர ரயில் நிலையம் இருக்கிறது. "ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு வண்டி, மலிவா கிடைக்குது" என்று மகன் ஷ்பார்பிரைஸ் எடுத்து அனுப்புகிறான். விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகிறது. இப்போது அந்த ரயில் டிக்கெட் செல்லாது. விமானம் ஒரு கணக்கு, ரயில் ஒரு கணக்கு. இரண்டையும் சேர்த்தது நாம்தானே தவிர அவர்கள் இல்லை. இதை அறியாமல் அடுத்த வண்டியில் ஏறிவிட்டால், மொழி தெரியாத பெற்றோர் பரிசோதகர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். இதற்கு வழி உண்டு. விமான டிக்கெட்டோடு ரயிலையும் சேர்த்தே விற்கிறார்கள். 'ரெயில் அண்ட் ஃப்ளை' என்று பெயர். அது குறிப்பிட்ட ஒரு வண்டிக்குக் கட்டுப்படாது. விமானம் தாமதமானால் அடுத்த வண்டியில் ஏறலாம். கிட்டத்தட்ட போட் மெயில் சீட்டுதான், கப்பல் இருந்த இடத்தில் விமானம். அது கிடைக்காவிட்டால், வந்து இறங்கும் நாளுக்கு மட்டும் ஃப்ளெக்ஸ்பிரைஸ் எடுங்கள். காசு கூடத்தான் ஆகும். இங்கே மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வண்டி மாறிப் போகும் பயணத்திலும் இதே கணக்கு. இரண்டு வண்டிகளையும் ஒரே டிக்கெட்டில் வாங்கியிருந்து, முதல் வண்டி தாமதத்தால் இரண்டாவது தவறினால், மேற்கொண்டு பணமின்றி அடுத்த வண்டியில் போகலாம். ஜெர்மனியில், போய்ச் சேருவது 20 நிமிஷமோ மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே ஷ்பார்பிரைஸின் வண்டிக் கட்டுப்பாடு நீங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஊர் திரும்பிய அலுப்பில் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டிலும் 2019 ஏப்ரல் முதல் இரண்டு பி.என்.ஆர்.களை இணைக்கும் வசதி உண்டு. முதல் வண்டி தாமதமாகி இணைப்பு வண்டி தவறினால் போகாத தூரத்துக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம்?

இதில் இன்னொன்று. ரயில் நிறுவனத்தின் செயலி ஆறு நிமிஷம், எட்டு நிமிஷம் இருந்தாலே வண்டி மாறலாம் என்று காட்டும். அது அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு. மாறும் நேரத்தை அரை மணி என்று நாமே குறித்துத் தேடலாம். அப்படியே தேடுங்கள்.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு லோக்கல் பாஸ் மாதிரி ஒன்று ஜெர்மனியில் உண்டு. 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்று பெயர். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025-இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம், மெட்ரோ எல்லாவற்றிலும் ஒரு மாதம் போகலாம். வேக வண்டியில் செல்லாது. இது சந்தா முறையில் வருவது, மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து சொன்னால்தான் அந்த மாதக் கடைசியில் நிற்கும். ஊர் திரும்பியதும் மறந்துவிட்டால் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். பேரன் பேத்தியைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வேக வண்டிகளில் பெரியவரோடு வரும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வாங்கும்போதே பிள்ளையையும் டிக்கெட்டில் சேர்த்துவிட வேண்டும்.

பிரான்ஸ் போனால் கதை மாறும். அங்கே டி.ஜி.வி. வண்டிகள் நம் எக்ஸ்பிரஸ் மாதிரி. இருக்கை இல்லாமல் ஏற முடியாது, டிக்கெட்டோடு இருக்கையும் சேர்ந்தே வரும். பாரிஸில் இன்னொரு சிக்கல், அது மும்பைக்காரருக்குச் சொல்லாமலே புரியும். லோக்மான்ய திலக்கில் இறங்கி பாந்த்ரா டெர்மினஸில் வண்டி பிடிப்பது போல, வடக்கிலிருந்து வருபவர் கார் து நோரில் இறங்கி, தெற்கே போக கார் த லியோனுக்கு ஊருக்குள் பயணம் செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இத்தாலியின் உள்ளூர் வண்டிகளில் வேறொரு வழக்கம். தாள் டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்.

"எதுக்கு இவ்வளவு தொல்லை, ஒரே பாஸா வாங்கிடலாமே" என்று தோன்றும். யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஆனால் அது ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு; அங்கேயே வசிக்கும் பிள்ளைகள் இன்டர்ரெயில் என்ற பாஸைத்தான் வாங்க வேண்டும். 60 வயது ஆனவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. நம் ரயில்வேயில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு இன்னும் திரும்பவில்லை என்பது இங்கே நினைவுக்கு வந்து தொலைக்கிறது. பாஸ் என்பதும் பயண உரிமைதான், இருக்கை அல்ல. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி வேக வண்டிகளுக்கும் லண்டன் வண்டிக்கும் மேலும் கட்டி ரிசர்வ் செய்ய வேண்டும். சில வண்டிகளில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடங்களும் கொஞ்சம்தான். ஸ்விட்சர்லாந்தில் மட்டும் சுற்றுவதானால் ஸ்விஸ் டிராவல் பாஸ் சௌகரியம்: ரயில், பஸ், படகு எல்லாம் அடங்கும். நம் ஆட்கள் தவறாமல் போகும் யுங்ஃப்ராவ்யோஹ் பனிமலைக்கு அது பாதி வழிதான். அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி, மீதியைக் கட்ட வேண்டும்.

பாஸ் எப்போதும் லாபம் என்ற நம்பிக்கையும் பழையது. ஜப்பானில் 2023 அக்டோபர்வரை ஏழு நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே கிட்டத்தட்ட விலை வந்துவிடும். அக்டோபரில் அது 50,000 யென் ஆனது. அதே கியோட்டோ பயணத்துக்கு இன்று பாஸ் வாங்கினால் நஷ்டம். ஆகவே போகிற ஊர்களை எழுதி, தனி டிக்கெட் விலைகளைக் கூட்டி, அதற்குப் பிறகு பாஸைப் பாருங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் விசாவையும் ஒருமுறை பிரித்துப் படியுங்கள். ஷெங்கன் விசாவில் லண்டன் போக முடியாது, அதற்குத் தனி விசா. ஒருமுறை நுழைவுக்கு மட்டும் ஷெங்கன் விசா பெற்றவர், பிரிட்டன் விசா கையில் இருந்தாலும், பாரிஸிலிருந்து லண்டன் ரயிலில் போய்விட்டால் திரும்பப் பாரிஸுக்குள் வர முடியாது. பணம் கட்டுவதும் அப்படித்தான். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாம் கேட்டுத்தான் திறந்துகொள்ள வேண்டும். ஓ.டி.பி. வருவது இந்திய சிம்முக்கு. அங்கே போய் ரோமிங் இல்லாமல் விழிப்பதைவிட முக்கியமான டிக்கெட்டுகளை ஐரோலியிலேயே எடுத்துவிடுவது உத்தமம். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பா பெயர் முன்னெழுத்தா, கடைசிப் பெயரா என்ற நம் நிரந்தரக் குழப்பம் அங்கே யாருக்கும் புரியாது.

கடைசியாகப் பெட்டி. முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய் என்று அம்மாக்கள் நிரப்பும் பெட்டியைத் தூக்க அங்கே போர்ட்டர் கிடையாது. வழியில் உள்ள ஸ்டேஷன்களில் வண்டி இரண்டு மூன்று நிமிஷமே நிற்கும். ஜப்பானில் டோக்கியோ – ஒசாகா புல்லட் ரயிலில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதற்கென்று உள்ள இருக்கையை முன்பே ரிசர்வ் செய்ய வேண்டும். ஐரோப்பாவில் பொதுவாக அளவுநாடாவோடு யாரும் வருவதில்லை. ஆளுக்கு ஒரு பெட்டி, படியேறி நாமே தூக்கக்கூடியது, அவ்வளவுதான் கணக்கு. அதைத் தாண்டினால் மகனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.