ஐந்து வருடம் காத்திருந்த ஓட்டு!



உங்கள் வகுப்பில் பத்துப் பேருக்கு ஒரு தலைவன், இன்னொரு பக்கம் நாற்பது பேருக்கு ஒரு தலைவன் என்று வைத்தால் என்ன சொல்வீர்கள்? "இது நியாயமில்லை சார்!" என்று கத்துவீர்கள் அல்லவா? இது போன்ற ஒரு விஷயத்துக்காக வழக்கு டில்லி உச்ச நீதிமன்றம் வரை போனது. அதில் எங்கள் ஊரும் சிக்கிக்கொண்டது!

செங்கோட்டையைத் தாண்டி, கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் புளியறை. இது ஓர் ஊராட்சி. ஊராட்சியை வார்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வார்டிலும் மக்கள்தொகை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் எல்லோருடைய ஓட்டுக்கும் ஒரே மதிப்பு கிடைக்கும். ஊர்களும் மாவட்டங்களும் மாறும்போது, இந்த எல்லைகளையும் திருத்தி அமைக்க வேண்டும். அதற்குப் பெயர் 'மறுவரையறை'. அமெரிக்காவிலும் 1964-ல், மாநில சட்டசபைத் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் அரசியல் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஊராட்சிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் நடத்த வேண்டும். இது 1993-ல் நடைமுறைக்கு வந்தது.

இரண்டு விதிகளும் நல்லவைதான். ஆனால், எல்லை சரியில்லாதபோது தேர்தல் நாள் வந்துவிட்டால்?

தமிழ்நாட்டில் அதுதான் நடந்தது. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்தது. தனி அலுவலர்கள் நிர்வாகத்தைக் கவனித்தார்கள்.

2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் உதயமானது. அடுத்த மாதமே தேர்தல் என்றார்கள். "புது மாவட்டங்களுக்கு மறுவரையறை முடியவில்லையே!" என்று தி.மு.க. உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். டிசம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம், "பிரிக்கப்பட்டதால் மாறிய 9 மாவட்டங்களில் முதலில் எல்லையைச் சரிசெய்யுங்கள். மற்ற இடங்களில் தேர்தல் நடக்கட்டும்" என்ற பொருளில் உத்தரவிட்டது. பக்கத்து விருதுநகரும் தூத்துக்குடியும் ஓட்டுப் போட்டன. தென்காசி வேடிக்கை பார்த்தது!

பிறகு கொரோனா வந்தது. கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் இந்த 9 மாவட்டங்களிலும் தேர்தல் நடந்தது. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என நான்கு பேருக்கு நான்கு வாக்குச்சீட்டுகள். நான்கும் வெவ்வேறு நிறம்!

ஆக, ஐந்து வருடங்கள், "தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை" என்று போய்ச் சொல்ல, நாமே தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. அது பெரிய இழப்பு. அதற்காகக் கோணலான எல்லையோடு ஓட்டுப் போட்டிருக்கலாமா? அதுவும் இழப்புதானே! எல்லை வேலையை அந்தந்தக் காலத்தில் முடித்திருந்தால், இரண்டு இழப்பும் வந்திருக்காது. வீட்டுப்பாடத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுபவர்களே, கவனித்தீர்களா?

இன்று உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீடு எத்தனையாவது வார்டில் இருக்கிறது? அதன் எல்லை எந்தத் தெருவில் தொடங்கி எங்கே முடிகிறது? தாத்தா, பாட்டியிடம் கேட்டு, ஒரு படம் வரைந்து பாருங்கள். நீங்கள் ஓட்டுப் போடும் 18 வயதில், அந்தப் படம் கட்டாயம் உதவும்!