எம்டன் ஏன் எப்போதும் ஜெயிக்கிறது?

குழந்தைகளே, தாயம், பரமபதம், கேரம் எல்லாம் ஆடியிருப்பீர்கள். நீங்களே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து, அதை உங்கள் நண்பர்கள் ஆடவே மறுத்தால் எப்படி இருக்கும்?

ராயபுரத்தில் எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனுக்குக் கோடை விடுமுறையில் அப்படித்தான் ஆயிற்று. சுருட்டிய சார்ட் பேப்பரோடு வந்து என் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்தான். முகம் வாடிப்போயிருந்தது.

"சார், இருபது நாள் உட்கார்ந்து வரைஞ்சேன். ரெண்டு ஆட்டத்துக்கு மேல யாரும் வரமாட்றாங்க. போங்காட்டம்னு சொல்றாங்க சார்."

பிரித்துப் பார்த்தேன். பிரமாதமான படம்! இடது பக்கம் கரை. மேலே எண்ணூர், அதற்குக் கீழே திருவொற்றியூர், ராயபுரம், துறைமுகம், கோட்டை. வலது பக்கம் முழுக்க நீலக் கட்டங்கள், அதாவது கடல். கடலில் ஒரு சோடா மூடி. அதுதான் எம்டன்.

எம்டன் கதை தெரியும்தானே? முதல் உலகப் போர் நடந்தபோது, 1914 செப்டம்பர் 22 இரவு, இந்த ஜெர்மன் போர்க்கப்பல் இருட்டில் சென்னைக்கு வந்தது. சர்ச் லைட்டைப் போட்டு, துறைமுகத்துக்கு அருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டும் அடிபடாமல், விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது. உயர் நீதிமன்றச் சுவர் ஓரம் இதற்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. பொல்லாத ஆளை "அவன் சரியான எம்டன்" என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

சரி, விளையாட்டில் என்ன கோளாறு? எம்டனில் 10 பீரங்கிகள் இருந்தன என்று எங்கோ படித்திருக்கிறான். அதனால் எம்டன் ஆடுபவருக்கு ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை பகடை போட உரிமை! மூன்றாவது சுற்றிலேயே துறைமுகம் சாம்பல். எம்டனாக இருக்க எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். துறைமுகமாக இருக்க ஆளே இல்லை.

"நிஜத்துல அப்படித்தானே சார் நடந்துச்சு?" என்றான்.

நல்ல கேள்வி. இங்கேதான் போர் விளையாட்டு செய்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். நிஜத்தை அப்படியே வைத்தால் ஆட்டம் இருக்காது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பலம் கொடுத்தால் எம்டன் இருக்காது.

ஆடு புலி ஆட்டம் தெரியுமா என்று கேட்டேன். பாட்டி வீட்டில் ஆடியிருக்கிறானாம். அதையே நினைத்துப் பார்க்கச் சொன்னேன். நீங்களும் பாருங்கள். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டவே தெரியாது. 15 ஆடுகளும் இறங்கி முடியும்வரை ஓர் ஆடுகூட நகர முடியாது. இருந்தும் ஆடுகள் ஜெயிக்கின்றன! எப்படி? புலிகளைக் கொல்ல வேண்டியதில்லை. நகர முடியாமல் அடைத்துவிட்டால் போதும். புலிக்கு வெற்றி என்பது வேறு, ஆட்டுக்கு வெற்றி என்பது வேறு. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, பெயர்கூட இல்லை. 12 ஆடு, 14 ஆடு, 16 ஆடு என்று எத்தனை முறை மாற்றிப் பார்த்தாரோ!

அப்படியானால் எம்டனுக்கு எது வெற்றி? தொட்டியை எரிப்பது மட்டுமா? அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் நிலைமையை யோசியுங்கள். இந்துமாக்கடலில் தனியாகச் சுற்றும் கப்பல். அடிபட்டால் பழுதுபார்க்க ஒரு நட்புத் துறைமுகம் கிடையாது. அவர் எரிக்கவும் வேண்டும், அடிபடாமல் தப்பிக்கவும் வேண்டும். 10 பீரங்கிகள் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் பார்த்து ஐந்துதான் சுட முடியும்.

பையன் உடனே பென்சிலை எடுத்தான். பத்துப் பகடை ஐந்தாயிற்று. எட்டுச் சுற்றுக்குள் தொட்டிகளை எரித்துவிட்டுக் கிழக்கு ஓரம் போய்ச் சேர வேண்டும். இரண்டு அடி வாங்கினால் எம்டன் தோற்றது.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. எம்டனின் பலமே அது கண்ணுக்குத் தெரியாமல் வந்ததுதான். சார்ட்டில் சோடா மூடி எல்லோருக்கும் தெரிகிறதே!

இதே சிக்கல் ஒரு பெரிய எழுத்தாளருக்கும் வந்தது. 'கால எந்திரம்' எழுதிய எச்.ஜி. வெல்ஸ்தான் அவர். 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு ஒரு விதிப் புத்தகம் எழுதினார். ராணுவத்தில் இருந்தவர் அல்ல, உங்களைப் போலத் தரையில் உட்கார்ந்து ஆடியவர். எதிராளி படையை எங்கே நிறுத்துகிறான் என்று தெரியாமல் இருக்க, அவர் நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டார். யோசிக்கிறேன் பேர்வழி என்று ஒரே ஆள் மணிக்கணக்கில் காய் நகர்த்தியதால் ஒவ்வொரு முறைக்கும் நேரக் கட்டுப்பாடு வைத்தார். ஆடிப் பார்க்காமல் இதெல்லாம் தெரிந்திருக்குமா?

அவருக்கும் முன்னால், 1824இல், பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் செய்த போர் விளையாட்டில் ஒரு நடுவர் உண்டு. இரு தரப்பின் நகர்வும் அவருக்கு மட்டுமே முழுதாகத் தெரியும்.

நடுவர் வேலைக்கு எங்கள் பையன் தன் தங்கையைப் பிடித்தான். எம்டன் நிற்கும் கட்டத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்துவிட வேண்டும். ஆனால் சர்ச் லைட்டை என்ன செய்வது? அதற்கு வழி சொன்னவர் அவன் அப்பா. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்.

"நைட்டுல லைட்டைப் போட்டா பக்கத்துல இருக்கறது நல்லாத் தெரியும்டா. ஆனா ரொம்ப தூரத்துல இருக்கறவனுக்கும் நம்மள நல்லாத் தெரியும்."

கேட்டதும் பையன் துள்ளிவிட்டான். விளக்கு அணைந்திருந்தால் எம்டனுக்குப் பகடையில் 6 விழுந்தால்தான் குறி தப்பாது. விளக்கைப் போட்டால் 4, 5, 6 மூன்றுமே சரி. ஆனால் விளக்கைப் போட்ட உடனே சோடா மூடியைச் சார்ட்டில் வைத்துவிட வேண்டும், கரைப் பீரங்கி பார்த்துச் சுடும். போடலாமா, வேண்டாமா? ஒவ்வொரு சுற்றிலும் நெஞ்சு படபடக்கும். எனக்கு இந்த விதிதான் ரொம்பப் பிடித்தது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலைச் சுட்டால் எம்டனுக்கு ஐந்து புள்ளி என்று எழுதியிருந்தான். அந்த இரவில் குறைந்தது 5 பேர் இறந்துபோனார்கள், அந்தக் கப்பல்களில் ஆட்கள் இருந்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். முல்லர், தான் பிடித்த கப்பல்களின் மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகே கப்பலை மூழ்கடிப்பவர் என்று பெயர் வாங்கியவர். அதையும் சொன்னேன். இப்போது அந்தக் கட்டத்தில் குண்டு விழுந்தால் எம்டனுக்கு ஒரு சுற்று போய்விடும். அதனால் குறிபார்ப்பதும் கடினமாகி, ஆட்டம் இன்னும் சூடுபிடித்தது.

அப்புறம் காற்று, அலை, நிலக்கரி என்று நான்கு பக்கத்துக்கு விதிகள் எழுதிக்கொண்டு வந்தான். "இதைப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கொடு. ஆடட்டும். நீ பக்கத்தில் உட்கார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது" என்றேன். பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்! இரண்டாம் பக்கத்திலேயே அந்தப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மறுநாள் விதிகள் ஒரே பக்கத்துக்குச் சுருங்கின. நிலக்கரி போயே போய்விட்டது.

எம்டன் கதை 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே முடிந்தது. ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல் அதைவிட வேகமானது, பீரங்கிகளும் பெரியவை. அந்தச் சண்டையையும் விளையாட்டாக்கப் போகிறானாம். அதில் எம்டன்தான் ஆடு.

இப்போது சார்ட் மூன்றாவது. கடைசியாக ஆடிய ஆறு ஆட்டங்களில் எம்டனுக்கு மூன்று, துறைமுகத்துக்கு மூன்று. பையன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னிடம் காட்ட வந்தான். பின்னாலேயே தங்கையும் வந்தாள்.

"சார், எம்டன் விளக்கே போடாம கோட்டைக்கு எட்டாத மூலைக் கட்டத்துலயே நின்னு ஆறு விழற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருந்தா?"

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. படியில் உட்கார்ந்து ரப்பரைத் தேட ஆரம்பித்தான்.