ரம்மில் ஊறிய காபி கொட்டை: வறுத்துக் குடித்தால் 'கிக்' ஏறுமா? ஈரத்தோடு அடுப்பில் போட்டால் ஆபத்து!

சேலம்:

காபி கொட்டையை ரம், விஸ்கியில் ஊறவைத்து வறுத்துக் குடிக்கும் ஆசை இப்போது வீடுகளுக்குள்ளும் நுழைந்து விட்டது. வெளிநாடுகளில் காலியான விஸ்கி பீப்பாயில் பச்சை காபி கொட்டையைப் போட்டு, சில வாரம் கழித்து எடுத்து வறுத்து விற்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட நம்ம ஊர் காபி பிரியர்கள் சிலர், 'பீப்பாய்க்கு எங்கே போறது, ஒரு குவார்ட்டர் போதாதா?' என்று களத்தில் குதித்து விட்டார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு பச்சைக் கொட்டைக்குப் பஞ்சமில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே ஏற்காட்டில் காபி வந்து விட்டது. பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுத்து அரைப்பதும் நம் பாட்டிமார் செய்த வேலைதான். ரம் மட்டும்தான் புதுசு.

'குப்'பென்று பிடித்த தீ

நம்ம மச்சினனும் இதைச் செய்து பார்த்தான். "மாமா, இன்னைக்கு ஒரு ஸ்பெஷல் காபி தர்றேன், இருங்க" என்றான். முதல் நாள் இரவு ரம்மில் ஊறப்போட்ட கொட்டையை, மறுநாள் ஈரம் சொட்டச் சொட்ட இரும்புச் சட்டியில் கொட்டினான். அடுத்த நிமிஷம் சட்டி மேல் 'குப்'பென்று தீ எழுந்தது. கேஸை அணைத்து, பெரிய தட்டைப் போட்டு மூடியதால் தப்பித்தோம். புருவம் கருகியதோடு போச்சு. பக்கத்தில் குழந்தை நின்றிருந்தால்?

காரணம் என்ன?

நம்ம ஊரில் விற்கும் ரம், விஸ்கி, பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 78 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் சரக்கு அது. காபி கொட்டை வறுபடுவதோ 200 டிகிரிக்கு மேல். சூடான சட்டியில் ஈரக் கொட்டை விழுந்ததும் ஆவி மொத்தமாகக் கிளம்புகிறது. கீழே கேஸ் அடுப்பு எரிகிறது. அப்புறம் தீப்பிடிக்காமல் என்ன செய்யும்?

சரியான முறை

பச்சைக் கொட்டைக்கு ஈரத்தையும் வாசனையையும் உறிஞ்சும் குணம் உண்டு. மங்களூர் பக்கம் கொட்டையைப் பருவமழைக் காற்றில் வாரக்கணக்கில் ஊதவைத்து 'மான்சூன் மலபார்' காபி தயாரிப்பதும் இந்த குணத்தை வைத்துத்தான்.

அரை கிலோ கொட்டைக்கு 50 மில்லி போதும். மூழ்க விடக்கூடாது. கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி, தினமும் குலுக்கி, 2 அல்லது 3 நாள் வைக்க வேண்டும். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் பரப்பி உலர்த்த வேண்டும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது.

உலர்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஊறவைக்கும் முன்பே கொட்டையை எடை போட்டுக் கொள்ளுங்கள். எடை பழையபடி அரை கிலோவுக்கு இறங்கி, நெடியும் அடங்கிய பிறகுதான் அடுப்புக்குப் போக வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, மிதமான தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். பச்சை மஞ்சளாகி, பழுப்பாகி, 'பட் பட்' என்று வெடிக்கும். வெடிச்சத்தம் அடங்கியதும் இறக்கி, முறத்தில் கொட்டி ஆறவிட்டு, உமியை ஊதி விடலாம். கருக வறுத்தால் ரம் வாசனை காணாமல் போகும். அரை கிலோ சுமார் 420 கிராமாகக் குறையும். ஒரு நாள் கழித்து அரைத்தால் ருசி நன்றாக இருக்கும்.

'கிக்' ஏறுமா?

ஏறாது! வறுபடும் சூட்டில் ஆல்கஹால் அநேகமாக முழுதும் பறந்துவிடும். மிஞ்சுவது வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனைதான். ஆனால் வறுத்த கொட்டை மேல் ரம் தெளித்தால் கதையே வேறு. அதில் ஆல்கஹால் தங்கிவிடும். மதுவை விட்டவர்கள், அதற்காக மாத்திரை சாப்பிடுபவர்கள், மதுவைத் தொடாதவர்கள் வீட்டில் இருப்பார்கள். எந்த முறையில் செய்திருந்தாலும் அவர்களிடம் சொல்லாமல் டம்ளரை நீட்டுவது தப்பு.

அந்த 'ஸ்பிரிட்' வேண்டவே வேண்டாம்

இன்டர்நெட்டில் 'ஸ்பிரிட் காபி' என்று படித்துவிட்டு, பெயிண்ட் கடை ஸ்பிரிட்டையோ, ஊர் பேர் தெரியாத சாராயத்தையோ ஊற்றி விடாதீர்கள். அவர்கள் சொல்லும் ஸ்பிரிட் ரம், விஸ்கி வகை. நம்ம ஊரில் ஸ்பிரிட் என்றால் மெத்தனால் கலந்ததாகவும் இருக்கும். 2023-ல் மரக்காணத்திலும், 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேலும் உயிரைக் குடித்தது அந்த மெத்தனால்தான். பிழைத்தாலும் கண் போய்விடலாம். 'வறுத்தா ஆவியா போயிடுமே' என்று கணக்குப் போடாதீர்கள். அந்த ஆவியை மூச்சில் இழுக்கப் போவது அடுப்படியில் நிற்கும் உங்கள் வீட்டுக்காரர்கள்தான்.

ஆசைக்கு ஒரு முறை செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் கொட்டை நன்றாக உலரும் வரை பொறுங்கள். மச்சினன் இப்போது எடை மிஷினில் நிறுத்துப் பார்க்காமல் அடுப்பைப் பற்ற வைப்பதே இல்லை!