சோற்றுக் கற்றாழையில் இலைப்புள்ளி

சோற்றுக் கற்றாழையில் மடல்தான் மகசூல். புள்ளி விழுந்த மடலை வியாபாரி ஒதுக்கிவிடுவார். ஆகவே புள்ளியின் காரணத்தை முதலில் அறிய வேண்டும்.

வெயில் படும் பக்கம் மட்டும் செம்பழுப்பாக மாறினால் அது வெயிலின் விளைவே; மருந்து தேவையில்லை. மடல் கொழகொழத்து நாற்றமடித்தால் அழுகல். அச்செடியை வேருடன் அகற்றிவிட வேண்டும். பழுப்புப் புள்ளி வட்டமாகத் தோன்றி, குழி விழுந்து, நாளுக்கு நாள் பெருகினால் அது ஆல்டர்னேரியா போன்ற பூசணத்தால் வருவது. தாக்கிய மடல்களை அடியோடு அறுத்து அழிக்க வேண்டும். மடல் நனையாமல் வேரில் மட்டும் நீர் பாய்ச்சுவதும், வடிகால் வசதி செய்வதும் நோயைக் கட்டுப்படுத்தும்.

நோய் மிகுந்தால் வேளாண்மை அலுவலரின் யோசனைப்படி லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கலாம். மடல் உண்ணும் பொருளாதலால், அறுவடை நெருங்கும்போது எம்மருந்தும் கூடாது.