புது சீல் போட்டும் கசிந்தது ஏன்?

திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் உள்ள ஊர் கிளியனூர். அங்கே ஒரு பட்டறைக்கு டிராக்டர் டிப்பர் ஒன்று பழுதுபார்க்க வந்தது. எரு ஏற்றிய தொட்டியைத் தூக்கினால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஜாக்கியின் வாயிலிருந்து எண்ணெய் வழிகிறது. முந்தின நாள்தான் உரிமையாளர் தாமே புது ரப்பர் சீல் மாற்றியிருந்தார்! கசிவைத் தடவிப் பார்க்க நான் விரலை நீட்டினேன். "சார், கையை எடுங்க!" என்று அதட்டினார் மெக்கானிக்.

அவர் அதட்டியது சரியே. கணக்கிட்டுப் பாருங்கள். ஜாக்கித் தண்டின் விட்டம் 10 செ.மீ. எனில், பரப்பு சுமார் 78.5 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 150 கிலோ என்று கொண்டால், தண்டு தூக்கக்கூடிய எடை 11,775 கிலோ! அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியின் விளைவு இது. இத்தகைய அழுத்தத்தில் ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். பார்வைக்கு முள் குத்தியது போலிருக்கும். உடனே அறுவை மருத்துவரிடம் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். கசிவைத் தேட அட்டைத் துண்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். காலித் தொட்டியைத் தூக்கி, அதன் கீழ் வலுவான இரும்பு முட்டுகளை வைத்து, தொட்டியை அவற்றின்மேல் அமர்த்தினார். ஜாக்கியை மட்டும் நம்பித் தொட்டிக்கு அடியில் தலையை நீட்டுவது உயிருக்கே ஆபத்து. பிறகு என்ஜினை நிறுத்தி, நெம்புகோலைத் தள்ளி எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றி, குழாயைக் கழற்றினார். ஜாக்கியை இறக்கி, வெளிப்புற மண்ணைத் துடைத்து, மூடியைத் திருகித் தண்டை நேராக உருவினார். தண்டில் கீறல் ஏதும் இல்லை. குற்றவாளி சீல்தான்! அது தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது.

சீலின் விளிம்பு மெல்லிய உதடு போன்றது. அது எண்ணெய் இருக்கும் பக்கம் பார்த்திருந்தால், எண்ணெய் உள்ளே புகுந்து உதட்டை விரித்துத் தண்டோடு அழுத்தும். அழுத்தம் கூடக் கூடப் பிடியும் இறுகும். திருப்பி மாட்டினாலோ, அதே அழுத்தம் உதட்டை மடக்கி வழி திறந்துவிடும். பாரம் கூடினால் கசிவும் கூடும்!

இங்கிலாந்தில் 1795-இல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்ற ஜோசப் பிராமாவுக்கும் இதே தொல்லை இருந்தது. அடைப்பை இறுக்கினால் தண்டு நகராது. தளர்த்தினால் நீர் கசியும். தானே இறுகும் தோல் வளையத்தால் இதைத் தீர்த்தவர் அவரிடம் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே என்பர்.

புது சீலில் எண்ணெய் தடவி, உதடு உள்நோக்கி இருக்கும்படி பொருத்தினார் மெக்கானிக். சுமையில்லாமல் பலமுறை ஏற்றி இறக்கி, காற்றை வெளியேற்றினார். காற்று சுருங்கும், எண்ணெய் அநேகமாகச் சுருங்காது. காற்று தங்கினால் தண்டு துள்ளித் துள்ளி ஏறும். பிறகு எரு ஏற்றிச் சோதித்தபோது, அட்டையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

உங்கள் வீட்டுச் சைக்கிள் பம்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கிண்ணம் போன்ற வாஷர் இருக்கும். அதன் வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்!