ஒரே பைலா, பல பைல்களா? ஏபிஐ விளக்க பைல்களை அடுக்கும் முறை

ஏபிஐ என்ற சொல்லைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் உங்கள் பிள்ளைகளின் பேச்சில் கேட்டிருப்பீர்கள். ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் தகவல் கேட்டு வாங்கும் வழிதான் ஏபிஐ. என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும், பதில் எந்த வடிவில் வரும் என்பதை எழுதி வைத்திருப்பது ஏபிஐ விளக்க பைல். பயப்பட வேண்டாம், இது வெறும் டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். இதை எழுதப் பரவலாகப் பயன்படும் முறைக்கு ஓப்பன் ஏபிஐ என்று பெயர். முன்பு ஸ்வாகர் என்று அழைக்கப்பட்ட இது, 2015ல் லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் வந்து, 2016ல் பெயர் மாறியது.

நமக்குத் தெரிந்த ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். 2021 மே 1 முதல் 18 வயது நிறைந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் தளத்தில் இடம் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. கன்னிவாடியில் உட்கார்ந்து கொண்டு திண்டுக்கல் மாவட்டம் முழுவதையும் நானும் தேடியிருக்கிறேன். அப்போது மத்திய அரசின் ஏபிஐ சேது தளத்தில் கோவினுக்கான பொது ஏபிஐ கிடைத்தது. பின்கோடு கொடுத்தும் கேட்கலாம், மாவட்டம் கொடுத்தும் கேட்கலாம். ஒரு நாளைக்கும் கேட்கலாம், ஏழு நாட்களுக்கும் கேட்கலாம். ஆக நான்கு கேள்விகள். சென்னையைச் சேர்ந்த பெர்ட்டி தாமஸ் உருவாக்கிய அண்டர்45 போன்ற தளங்கள், இடம் காலியானதும் டெலிகிராமில் தகவல் அனுப்பியது இந்த வழியில்தான்.

நான்கு கேள்விகளுக்கும் பதிலில் வருவது ஏறக்குறைய ஒரே விவரம்: மையத்தின் பெயர், பின்கோடு, இலவசமா கட்டணமா, குறைந்தபட்ச வயது, எந்தத் தடுப்பூசி, எத்தனை மீதம். தொடக்கத்தில் மீதம் என்று மொத்த எண் மட்டும் இருந்தது. பிறகு முதல் டோஸுக்கு எத்தனை, இரண்டாம் டோஸுக்கு எத்தனை என்று தனித்தனியாகச் சேர்த்தார்கள். மீதம் 20 என்று பார்த்து அவசரமாகத் தளத்தைத் திறந்தால், அத்தனையும் இரண்டாம் டோஸுக்கு என்றால் என்ன பயன்? சிறிய மாற்றம்தான், ஆனால் தேடுபவருக்கு அதுதான் முக்கியம்.

இப்போது இதற்கான விளக்க பைலை நீங்கள் எழுதுவதாக வைத்துக் கொள்ளுங்கள். மைய விவரத்தை நான்கு கேள்விகளின் கீழும் காப்பி, பேஸ்ட் செய்திருந்தால், டோஸ் விவரத்தையும் நான்கு இடத்தில் சேர்க்க வேண்டும். ஓரிடத்தில் விட்டுப் போனாலும், அந்தப் பகுதியைப் படித்து எழுதப்படும் புரோகிராம் பழைய மொத்த எண்ணையே நம்பிக் கொண்டிருக்கும். எர்ரர் எதுவும் வராது. அதுதான் ஆபத்து.

ஒரு விவரத்தை ஒரே ஓரிடத்தில் எழுதுங்கள். மற்ற இடங்களில் "அதைப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் தாய்ப் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்வார் அல்லவா, அதே வேலைதான்.

இனி செய்முறைக்கு வருவோம். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து "ஊசி" என்று ஒரு போல்டர் உருவாக்கவும். அதற்குள் "கேள்வி", "விவரம்" என இரண்டு போல்டர்கள். வெளியே "முதல்.யாமல்" என்ற பைல். கேள்வி போல்டரில் "பின்கோடு.யாமல்", "மாவட்டம்.யாமல்", விவரம் போல்டரில் "மையம்.யாமல்". இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன். உண்மையில் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. லினக்ஸ் சர்வர் பார்க்கும். வீட்டில் ஓடியது அங்கே ஓடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

முதல் பைலில் தலைப்பு, பதிப்பு எண், எந்தக் கேள்வி எந்த பைலில் என்ற பட்டியல் மட்டும் இருக்கட்டும். "அதைப் பார்" என்று சொல்ல டாலர் குறி போட்டு, ஒட்டியே ரெஃப் என்று எழுதி, கோலனும் இடைவெளியும் விட்டு, மேற்கோளுக்குள் பைலின் பாதையைக் கொடுக்க வேண்டும்:

$ரெஃப்: './கேள்வி/பின்கோடு.யாமல்'

பின்கோடு பைலுக்குள் இருந்து மையத்தைக் காட்ட:

$ரெஃப்: '../விவரம்/மையம்.யாமல்'

இரண்டு புள்ளிகளைக் கவனித்தீர்களா? ஒரு போல்டர் மேலே ஏறு என்று அர்த்தம். பாதை கணக்கிடப்படுவது முதல் பைலில் இருந்து அல்ல, அந்த வரி எழுதப்பட்டிருக்கும் பைலில் இருந்து. புதியவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். விண்டோஸில் வரும் பின்சாய்வுக் கோடும் வேண்டாம், முன்சாய்வுக் கோடுதான். சி டிரைவ், டி டிரைவ் என்று தொடங்கும் முழுப் பாதை கூடவே கூடாது; போல்டரைப் பென் டிரைவில் காப்பி செய்து அடுத்த கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு இணைப்பும் வேலை செய்யாது.

அதே பைலுக்குள் இருக்கும் பகுதியைக் காட்ட ஹாஷ் குறியில் தொடங்குவார்கள். அப்போது மேற்கோள் குறியை மறந்தால், ஹாஷுக்குப் பின் வருவதையெல்லாம் வெறும் குறிப்பு என்று எண்ணி யாமல் ஒதுக்கிவிடும்.

எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டவும் வேண்டாம். மூன்று வரி விவரத்துக்குத் தனி பைல் வைத்தால் படிப்பவர் பத்து ஜன்னல் திறந்து வைத்துத் தவிப்பார். இரண்டு இடத்திலாவது தேவைப்படும் விவரத்துக்குத் தனி பைல் என்பது என் கணக்கு.

இன்னொரு கேள்வி வரும். நண்பருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும், அல்லது பிரவுசரில் ஓடும் ஸ்வாகர் எடிட்டரில் பேஸ்ட் செய்து பார்க்க வேண்டும் என்றால்? முதல் பைலை மட்டும் பேஸ்ட் செய்தால், மற்றவை உங்கள் ஹார்ட் டிஸ்கில் எங்கே உள்ளன என்று அதற்குத் தெரியாது, எர்ரர் காட்டும். இதற்கு ரெடாக்லி என்ற இலவசக் கருவி இருக்கிறது. நோட் ஜேஎஸ் நிறுவிய பின் இதையும் நிறுவிக் கொண்டு, பண்டில் கட்டளையுடன் முதல் பைலின் பெயரையும் வெளியீட்டு பைலின் பெயரையும் கொடுத்தால், சிதறியிருக்கும் பைல்களை ஒன்றாக்கித் தரும். அந்த ஒற்றை பைலை அனுப்புங்கள். ஆனால் திருத்தங்களை அதில் செய்யாதீர்கள். துண்டு பைல்களில் திருத்தி, மறுபடி பண்டில் செய்து கொள்ளுங்கள்.