வீட்டுக் கணினியில் ஒரு விமான நிலையம்

கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளை விளையாட்டு என்றுதான் நம்மவர் சொல்வர். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-லேயே வந்துவிட்டது. அதிலுள்ள ஊர்க்காட்சி போதாதென்று தாங்களே விமான நிலையம் செய்து சேர்ப்பவர் உலகெங்கும் உண்டு. முலுண்டில் என் பேரன் செய்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றேன்.

முதலில் நிலத்தின் மேடு பள்ளம். அதன்மேல் செயற்கைக்கோள் படத்தை ஜமுக்காளம்போல விரிக்க வேண்டும். கட்டடங்களை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவாக்கி, சுவருக்குப் புகைப்படம் ஒட்டுவார்கள். பிள்ளைகள் இதிலேயே மயங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஓடுபாதைதான் முக்கியம்.

ஓடுபாதையின் எண் என்பது திசைகாட்டிக் கோணத்தைப் பத்தால் வகுத்தது. கிழக்கு 90 டிகிரி, ஆகவே 09, மறுமுனை 27. மும்பை நிலையத்தின் பெரிய பாதை 09-27. மேற்கே சில கிலோமீட்டரில் ஜூஹு. அதன் பாதை 08-26. (1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலோடு இறங்கியது இங்கேதான். அந்தத் தபால் பிறகு நம்ம சென்னைக்கும் போயிற்று.) இரண்டும் ஏறக்குறைய ஒரே திசை. கடல் பக்கமிருந்து வருபவருக்கு ஜூஹுதான் முதலில் கண்ணில் படும். 1972 செப்டம்பரில் ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.8 விமானம் சாந்தாகுரூஸ் என்றெண்ணி ஜூஹுவில் இறங்கி, பாதை போதாமல் அப்பால் ஓடி நொறுங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை.

ஆகவே ஜூஹுவை விட்டுவிட்டு மும்பையைச் செய்தால் அது பாதிக் கணக்கு. செய்து முடித்ததும் கடலிலிருந்து 09-க்கு இறங்கிப் பாருங்கள்: இடப்பக்கம் ஜூஹுவின் குட்டைப் பாதை, நேரே நீளப் பாதை தெரிய வேண்டும்.